காட்சியும் கணக்கும்



மோட்டார்ப் பந்தயப் படங்களை நீங்கள் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் கண்டிருப்பீர்கள். பந்தயக் காரிலேயே பொருத்திய சிறு காமிரா, ஓட்டுநர் காண்பதையெல்லாம் நமக்கும் காட்டுகிறது. பாதை நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. வளைவு எதிர்ப்படுகிறது, கார் வேகம் தணிந்து திரும்புகிறது, மீண்டும் பாய்கிறது. அதே வேளையில் படத்தின் ஓரத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம், எஞ்சின் நிமிஷத்திற்கு எத்தனை சுற்று, எத்தனையாவது கியர், பிரேக் எவ்வளவு அழுந்தியிருக்கிறது, கார் பாதையில் எவ்விடத்தில் இருக்கிறது என்பனவெல்லாம் அங்கே தெரிகின்றன.

இவ்வெண்களை வெறும் அலங்காரம் என்று கருதுவோர் உண்டு. அலங்காரம் அன்று. ஓடும் பொருளின் காட்சியையும் அதன் கணக்கையும் ஒன்றாக இணைத்துக் காண்பதற்கு மனிதன் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வந்திருக்கிறான். அம்முயற்சியின் சரித்திரத்தைச் சுருக்கமாகக் காண்போம். அது நம் திருநெல்வேலிச் சீமையிலே, மகேந்திரகிரி மலையடிவாரத்திலே, நாட்டின் பெருமையைக் காத்த ஒரு கருவியாக விளங்கிய வரலாற்றையும் அறிந்துகொள்வோம்.

முதலில், இரண்டையும் ஏன் இணைக்க வேண்டும்? கண் நல்ல சாட்சிதான். ஆனால் அதற்கு அளவு சொல்லத் தெரியாது. எண் துல்லியமான சாட்சிதான்; ஆனால் அது தனியாக நின்றால், என்ன நடந்தபோது அந்த அளவு வந்தது என்று சொல்லாது. இரு சாட்சிகளையும் ஒருசேர விசாரித்தால்தான் நடந்தது விளங்கும். அவ்வாறு விசாரிக்கும்போது ஒரு நிபந்தனை உண்டு. இருவரும் ஒரே கணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பொருநைக் கரையில் வாழ்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. குறுக்குத்துறையில் ஆற்றின் நடுவே நிற்கும் முருகன் கோயிலை நெல்லை மக்கள் அறிவார்கள். வெள்ளம் வரும்போது மண்டபம் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்று கரையில் நின்று பார்ப்பார்கள். அது காட்சி. பாபநாசம் அணையில் நீர்மட்டம் எத்தனை அடி, எத்தனை கன அடி நீர் வெளியேறுகிறது என்று வானொலியும் நாளிதழும் அறிவிக்கும். அது கணக்கு. ஆனால் அணையிலே திறந்த நீர் அக்கணமே குறுக்குத்துறைக்கு வந்துவிடுவதில்லை. இடையிலுள்ள தூரத்தைக் கடக்க அதற்குச் சில மணி நேரம் வேண்டும். வழியில் மணிமுத்தாறும் கடனாநதியும் வேறு வந்து கலக்கின்றன. காலை எட்டு மணிக்கு எடுத்த கோயிற் படத்தையும் அதே எட்டு மணிக்குரிய அணைக் கணக்கையும் அருகருகே வைத்து, "இவ்வளவு திறந்தும் ஆறு உயரவில்லையே" என்று ஒருவன் மகிழ்ந்தால், நண்பகலில் அவன் வீட்டு வாசலுக்கே நீர் வந்துவிடக்கூடும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இப்பள்ளத்தாக்கைத் தாக்கிய பெருவெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். காட்சியும் கணக்கும் உண்மையாகவே இருக்கலாம். காலம் பொருந்தாவிட்டால் அவை இரண்டும் சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லும்.

இனி, சரித்திரத்திற்கு வருவோம்.

ஓடும் யந்திரத்தைத் தன் கதையைத் தானே எழுதச் செய்தவர்களுள் முன்னோடிகள் நீராவி எஞ்சினை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட்டும் அவருடைய உதவியாளர் ஜான் சதர்னும் ஆவர். 1796-ஆம் ஆண்டளவில் சதர்ன் ஒரு சிறு கருவியை அமைத்தார். எஞ்சினின் உருளைக்குள் நீராவி அழுத்தம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப, ஒரு பென்சில் காகிதத்தில் கோடு வரைந்தது. அக்கோட்டின் வடிவத்தைக் கண்டே எஞ்சின் எங்கே சக்தியை வீணாக்குகிறது என்று அறிய முடிந்தது. அதன் அருமையை உணர்ந்த அவர்கள் அதனை நெடுங்காலம் இரகசியமாகவே வைத்திருந்தனர். இது கணக்கின் தொடக்கம். காட்சி அதனோடு சேரவில்லை. புகைப்படக் கலையே அப்போது பிறக்கவில்லை.

காட்சியில் கணக்கு நுழைந்த நிகழ்ச்சி 1878-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்தது. அதுவும் ஒரு பந்தயக் குதிரையைப் பற்றியதே. குதிரை பாய்ந்தோடும்போது நான்கு கால்களும் ஒரே கணத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்பது கேள்வி. மனிதக் கண்ணால் அதை நிச்சயிக்க இயலவில்லை. எட்வர்ட் மைபிரிட்ஜ் என்னும் புகைப்படக்காரர், லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் பண்ணையில் பாதையோரம் 12 காமிராக்களை வரிசையாக வைத்தார். குதிரை ஓட ஓட ஒவ்வொரு காமிராவும் தன் முறைக்குப் படம் எடுத்தது. நான்கு கால்களும் எழுவது உண்மை என்று புலப்பட்டது.

உலகம் இச்செய்தியைக் கண்டு வியந்தது. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. குதிரைக்குப் பின்னே இருந்த வெள்ளைத் திரையில் 27 அங்குலத்திற்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகளை வரைந்து, அவற்றிற்கு எண்ணும் இட்டிருந்தார் மைபிரிட்ஜ். தரையிலிருந்து உயரத்தைக் காட்ட 4 அங்குலத்திற்கு ஒரு கிடைக்கோடும் இருந்தது. ஆகவே ஒவ்வொரு படத்திலும் குதிரை எவ்வளவு தூரம் வந்தது, குளம்பு எவ்வளவு உயரம் எழுந்தது என்பதைப் பார்ப்பவர்களே படித்துக்கொள்ளலாம். இக்காலத்துப் பந்தயப் படத்தின் ஓரத்தில் ஓடும் எண்களுக்கு அக்கோடுகளே மூதாதையர் எனலாம்.

அப்படங்களில் தூரம் இருந்தது, கடிகாரம் இல்லை. அக்குறையைத் தீர்த்தவர் பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் எத்தியேன் ழூல் மாரே. 1882-இல் அவர் துப்பாக்கி வடிவிலே ஒரு காமிராவை அமைத்தார். அது வினாடிக்கு 12 படங்கள் எடுத்தது. பின்னர் நடப்பவர்களையும் ஓடுபவர்களையும் படம் எடுக்கும்போது, முள் சுழலும் ஒரு கடிகார முகத்தையும் அதே காட்சியில் விழுமாறு வைத்தார். படமும் காலமும் ஒரே தகட்டில் பதிந்தன. பிறகு யாரும் அவற்றைத் தேடிப் பொருத்த வேண்டியதில்லை.

அதன் பின் வந்த அரை நூற்றாண்டில் இரு கலைகளும் தனித்தனியே வளர்ந்தன. சினிமா காட்சியை வளர்த்தது. ரயில்வே பொறியாளர்கள் கணக்கை வளர்த்தனர். 1938-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் இங்கிலாந்தில் மல்லார்ட் என்னும் நீராவி எஞ்சின் மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டியது என்று உலகம் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், அதன் பின்னே இணைத்திருந்த அளவீட்டு வண்டியில் காகிதச் சுருளின்மேல் எழுதுகோல்கள் வரைந்த கோடுகளே. எத்தனை பேர் கண்ணால் கண்டிருந்தாலும் அந்தச் சுருள் இல்லாவிடில் அது வெறும் கதையாகவே நின்றிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் டேவிட் வாரன் என்ற விஞ்ஞானி வாழ்ந்தார். தம் ஒன்பதாம் வயதில் விமான விபத்தில் தந்தையை இழந்தவர் அவர். 1950-களில், விபத்துக்குள்ளான விமானத்தில் கடைசி நேரத்தில் என்ன நடந்தது என்பதை அறிவதற்கு ஒரு பெட்டியை அமைத்தார். விமானிகளின் பேச்சையும் கருவிகளின் அளவுகளையும் ஒரே எஃகுக் கம்பியில் நான்கு மணி நேரத்திற்குப் பதிவு செய்தது அப்பெட்டி. பேச்சு தனியாகவும் அளவு தனியாகவும் இருந்தால், "எந்த எண்ணைக் கண்டபோது விமானி அப்படிக் கூவினார்?" என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. ஒரே கம்பி என்பதிலேதான் அதன் உயிர் இருந்தது.

மோட்டார்ப் பந்தயத்தில் ஓடும் காருக்குள்ளிருந்தே காட்சியை நேரடியாக ஒளிபரப்பும் முறை 1979-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் பந்தயத்தில் பெரும் புகழ் பெற்றது. 1985-இல் ஜெர்மனியில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ரெனோ குழுவின் கார் ஒன்று இத்தகைய காமிராவைச் சுமந்து ஓடியது. அதே பத்தாண்டுகளில் காரின் எஞ்சின் வெப்பம், அழுத்தம், சுழற்சி ஆகியவற்றை ரேடியோ அலை வழியாகக் குழுவினருக்கு அனுப்பும் டெலிமெட்ரி முறையும் பந்தயத்தில் வேரூன்றியது. ஆயினும் இவை பெருஞ்செல்வம் படைத்த குழுக்களுக்கே எட்டின.

எளியவர்களுக்கும் இக்கலை எட்டியதற்கு ஒரு முக்கிய காரணம் 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நேர்ந்தது. வானில் சுற்றும் செயற்கைக் கோள்களைக் கொண்டு இடமறியும் ஜி.பி.எஸ். முறையில், பொதுமக்களுக்குரிய சமிக்ஞையை அமெரிக்க அரசு அதுவரை வேண்டுமென்றே பிழைபடச் செய்து வந்தது. அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் அதனை நிறுத்தியது. ஏறத்தாழ நூறு மீட்டர் வரை பிழைபட்ட கருவி, பத்து இருபது மீட்டருக்குள் இடம் காட்டலாயிற்று. பின்னர் வந்த கருவிகள் இன்னும் துல்லியம் பெற்றன. உள்ளங்கை அளவான பெட்டி ஒன்று காரின் இடத்தையும் வேகத்தையும் காலத்தையும் பதிந்துவிடும் என்ற நிலை வந்தது. கார்களிலேயே பல உறுப்புகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் மின் இணைப்பு முறையும் பரவியிருந்தமையால், எஞ்சினின் அளவுகளையும் அதிலிருந்து படித்தெடுக்க முடிந்தது.

நம் தமிழ்நாட்டிற்கு மோட்டார்ப் பந்தயம் புதிதன்று. 1953-இல் சென்னையில் மோட்டார் விளையாட்டுச் சங்கம் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைந்த சோழவரம் விமான ஓடுதளம் பல ஆண்டுகள் பந்தயக் களமாக விளங்கியது. அக்காலத்தில் கணக்கு என்பது பெரும்பாலும் நிறுத்துகடிகாரமும் பென்சிலுமே. 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயப் பாதை திறக்கப்பெற்றது. கோயம்புத்தூரிலும் ஒரு பாதை பின்னர் அமைந்தது. கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

இத்துறையில் நெல்லைச் சீமைக்கும் ஓர் உறவு உண்டு. மகேந்திரகிரி மலைத்தொடரின் அடியிலுள்ள திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்தவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். அவர் மதுரையில் தொடங்கிய பேருந்துத் தொழிலிலிருந்து கிளைத்து வளர்ந்த டி.வி.எஸ். நிறுவனம், 1982-இல் மோட்டார் சைக்கிள் பந்தயத்திற்கென்றே ஒரு குழுவை அமைத்தது.

இருங்காட்டுக்கோட்டைப் பாதையில் ஒரு கார் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அது வினாடிக்கு 50 மீட்டர் ஆகும். காமிரா வினாடிக்கு 25 படம் எடுத்தால், ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே கார் 2 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. ஜி.பி.எஸ். கருவி வினாடிக்கு ஒரு முறைதான் அளக்குமானால், ஓர் அளவுக்கும் மறு அளவுக்கும் இடையே 50 மீட்டர் கடந்துவிடும். ஒரு வளைவின் பெரும்பகுதி அதற்குள் முடிந்து போகலாம். வினாடிக்குப் பத்து முறை அளந்தால் இடைவெளி 5 மீட்டர். இடைவெளியில் உள்ள எண்களைக் கணிப்பொறி ஊகித்தே இடுகிறது. படத்தின் ஓரத்தில் எண் தங்குதடையின்றி ஓடுவதைக் கண்டு, அவையனைத்தும் அளந்தவை என்று எண்ணலாகாது. சில அளந்தவை, சில கணித்தவை.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. காமிராவின் கடிகாரம் ஒன்று. அளவுக் கருவியின் கடிகாரம் மற்றொன்று. இரண்டிற்கும் ஐந்தில் ஒரு பங்கு வினாடி வேறுபாடு இருந்தால் போதும். அவ்வேகத்தில் அது 10 மீட்டர் தூரம் ஆகிவிடும். ஓட்டுநர் உரிய இடத்திலேதான் பிரேக்கை மிதித்தார். ஆனால் படத்தின்மேல் பதிந்த எண்ணோ அவர் பத்து மீட்டர் தாமதித்தார் என்று காட்டுகிறது. பயிற்சியாளர் அதனை நம்பி, "நீ இன்னும் முன்னதாக மிதிக்க வேண்டும்" என்கிறார். குற்றமற்ற ஓட்டுநர் குற்றவாளி ஆகிறார். அடுத்த பந்தயத்தில் அவர் பின்தங்குகிறார். வேறுபாடு எதிர்ப்புறமாக இருந்தாலோ, தாமதமாக மிதிப்பவர் சரியாக மிதித்தார் என்று பாராட்டுப் பெற்று, ஒரு நாள் வளைவைக் கடந்து வெளியே பாய்ந்துவிடுவார்.

இவ்விடரை நீக்கும் வழி தமிழ்ப் படவுலகத்திற்கு நெடுநாளாகத் தெரிந்ததே. பேசும்படத்தில் காட்சி ஒரு கருவியிலும் ஒலி மற்றொரு கருவியிலும் பதிவாகும். ஆகவே ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் கிளாப் பலகையைத் தட்டுவார்கள். பலகை மூடும் படத்தையும் "டப்" என்னும் ஒலியையும் ஒன்றாகப் பொருத்தினால், பிறகு உதடும் சொல்லும் தாமே பொருந்திவிடும். பந்தயக் காரிலும் இதுவே தத்துவம். கார் நிலையிலிருந்து துள்ளிக் கிளம்பும் கணம், அல்லது கோட்டைக் கடக்கும் கணம், இரண்டு பதிவுகளிலும் தெரியும். அவ்விரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பார்கள். ஓட்டத்தின் முடிவில் மற்றொரு கணத்தையும் இவ்வாறே ஒப்பிட்டுச் சரிபார்ப்பது நல்லது. தொடக்கத்தில் பொருந்திய இரு கடிகாரங்கள் நெடுநேரம் ஓடியபின் சிறிது பிரிந்திருக்கலாம்.

சரியாகப் பொருத்திய பிறகு கிடைக்கும் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். ஓட்டுநர் பிரேக்கை மிகக் கடுமையாக மிதித்தால் சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். கார் மட்டும் வழுக்கிக்கொண்டு செல்லும். அப்போது சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டு அளக்கும் கருவி, வேகம் பூஜ்யம் என்கிறது. ஜி.பி.எஸ். கருவியோ மணிக்கு 120 கிலோமீட்டர் என்கிறது. இரண்டில் ஒன்று பழுது என்றே தோன்றும். காட்சியைப் பார்த்தால் டயரிலிருந்து புகை எழுகிறது. இப்போது விளங்கிவிட்டது. எந்தக் கருவியும் பழுதில்லை. சக்கரம் நின்றதும் உண்மை, கார் ஓடியதும் உண்மை. முரண்பட்டது போல் தோன்றிய இரு எண்களையும் காட்சி சமாதானப்படுத்திவிட்டது.

பந்தயத்தில் பிழையான தீர்ப்பு ஒரு கோப்பையை இழக்கச் செய்யலாம். ராக்கெட்டில் அதுவே பல ஆண்டு உழைப்பை வழிதவறச் செய்துவிடும். இனி மகேந்திரகிரிக்குச் செல்வோம்.

பொருநைப் பள்ளத்தாக்கிலிருந்து தெற்கே, பணகுடி, காவல்கிணறு ஆகிய ஊர்களுக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இஸ்ரோ உந்துவிசை வளாகம் அமைந்திருக்கிறது. ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் எஞ்சின்களைத் தரையிலேயே கட்டி நிறுத்தி, இயக்கிச் சோதிக்கும் இடம் அது. 2014-ஆம் ஆண்டு முதல் இப்பெயரால் தனி வளாகமாக இயங்குகிறது. அதற்கு முன்பே பல ஆண்டுகளாக அங்குச் சோதனைகள் நடந்து வந்தன. இத்தகைய சோதனையில் எஞ்சினின் உடல் எங்கும் உணர்கருவிகளைப் பொருத்துவார்கள். அழுத்தம், வெப்பம், எரிபொருளின் ஓட்டம், அதிர்வு, உந்துவிசை ஆகியவற்றை அவை அளக்கும். சுற்றிலும் காமிராக்கள் நின்று பார்க்கும். எல்லாவற்றிற்கும் காலம் ஒன்றே. சுடர் பற்றும் கணத்தைப் பூஜ்யமாகக் கொண்டு முன்னும் பின்னும் எண்ணுவார்கள். சுடரின் நிறம் மாறிய படத்திற்கும் அழுத்தம் தாழ்ந்த எண்ணிற்கும் உறவு காண்பது இக்காலக் கணக்காலேயே.

2001-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பக் காத்திருந்தது. பக்கவாட்டில் இணைந்த நான்கு திரவ எஞ்சின்களும் பற்றின. அவற்றுள் ஒன்று போதிய உந்துவிசையைத் தரவில்லை. மனிதர் கண்டு கூறுவதற்கு முன்பே, கிளம்புவதற்கு ஏறத்தாழ ஒரு வினாடி இருக்கையில், கணிப்பொறி எல்லா எஞ்சின்களையும் நிறுத்திவிட்டது. ராக்கெட் பிழைத்தது. மூன்று வாரத்தில், ஏப்ரல் 18-ஆம் நாள், அது விண்ணேறியது. கண்ணுக்கு முந்திக்கொண்டு கணக்கு காத்த நிகழ்ச்சி இது.

ஆயினும் அந்த ராக்கெட்டின் உச்சியில் இருந்த எஞ்சின் ரஷ்யாவிலிருந்து வந்தது. திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கும் கிரையோஜெனிக் எஞ்சின் அது. ஹைட்ரஜன் திரவமாக இருக்கப் பூஜ்யத்திற்குக் கீழே 253 டிகிரி குளிர்ச்சி வேண்டும். அத்தகைய எஞ்சினை நாமே செய்ய வேண்டும் என்று நம் விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் உழைத்தனர். மகேந்திரகிரியில் அதனைத் திரும்பத் திரும்ப இயக்கிச் சோதித்தனர். 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் அந்த எஞ்சினைத் தாங்கிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பியது. 293-ஆம் வினாடியில் இரண்டாம் கட்டம் எரிந்து முடியும் வரையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அதன் பின் ராக்கெட் தடுமாறி, உயரம் இழந்து, கடலில் வீழ்ந்தது.

பழி யாரைச் சேரும்? அன்று மாலை எழுந்த முதல் ஐயம், எஞ்சின் பற்றியதா இல்லையா என்பதே. திசை திருப்பும் சிறு எஞ்சின்கள் இரண்டும் பற்றினவா என்றும் ஐயுற்றனர். பற்றவில்லை என்று முடிவு செய்திருந்தால், பற்றவைக்கும் பகுதியை அமைத்தவர்கள் குற்றவாளிகள் ஆகியிருப்பார்கள். குறையில்லாத பகுதியைத் திருத்துவதில் ஆண்டுகள் கழிந்திருக்கும்.

பதிவான எண்களை வினாடியின் பத்தில் ஒரு பங்கு வரை பிரித்து வரிசைப்படுத்தி ஆராய்ந்தார்கள். எஞ்சின் தொடங்கியதிலிருந்து 2.2 வினாடி வரையில், ராக்கெட்டின் முடுக்கம் முந்தைய ஜி.எஸ்.எல்.வி. பயணங்களில் கண்டதை ஒத்திருந்தது. ஆகவே முதன்மை எஞ்சினும் பற்றியது; சிறு எஞ்சின்கள் இரண்டும் பற்றின. பிறகு ஏன் விசை வளரவில்லை? திரவ ஹைட்ரஜனை முன்னே தள்ளிக் கொடுக்கும் ஒரு துணைப் பம்பின் எண்கள் விடை கூறின. அது முறையாகத் தொடங்கி, நிமிஷத்திற்கு 34,800 சுற்று என்னும் உச்சத்தை எட்டியது. வினாடிக்கு 580 சுற்று! எஞ்சின் தொடங்கி 0.9 வினாடி ஆனபின் அதன் வேகம் சரியத் தொடங்கியது, அடுத்த 0.6 வினாடிக்குள் முற்றிலும் நின்றுவிட்டது. எரிபொருள் வராமல் எஞ்சின் அணைந்தது. பம்பின் அடைப்பு வளையம் ஒன்று இறுகிப் பிடித்திருக்கலாம், அல்லது டர்பைனின் உறை பிளந்திருக்கலாம் என்று இரு காரணங்களை ஆய்வுக் குழு சுட்டியது.

மொத்தத்தில் ஒன்றரை வினாடிக் கதை இது. நம் கண் கண்டது வீழ்ச்சியை மட்டுமே. எந்த உறுப்பு, எந்தக் கணத்தில், எந்த வரிசையில் பிழைத்தது என்பதைக் காலத்தோடு பிணைந்த கணக்கு கூறியது. குற்றமற்ற உறுப்புகள் விடுதலை பெற்றன. திருத்த வேண்டியதைத் திருத்தினார்கள். வானின் வெற்றிட நிலையைத் தரையிலேயே உண்டாக்கும் சோதனைக் கூடத்தில், மகேந்திரகிரியிலே, எஞ்சினைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். 2013 ஆகஸ்டு 19-ஆம் நாள் மீண்டும் ராக்கெட் காத்திருந்தது. இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவதைக் கண்டு, கிளம்புவதற்கு 74 நிமிஷம் இருக்கையில் நிறுத்தினார்கள். 2014-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் நம் நாட்டுக் கிரையோஜெனிக் எஞ்சின் பழுதின்றி இயங்கி, 1,982 கிலோகிராம் எடையுள்ள செயற்கைக் கோளை விண்ணில் சேர்த்தது.

பிற்காலத்தில் ராக்கெட்டுகளே காமிராவைச் சுமந்து சென்றன. 2017 பிப்ரவரி 15-ஆம் நாள் ஒரே ராக்கெட்டிலிருந்து 104 செயற்கைக் கோள்கள் பிரிந்த காட்சியை, அந்த ராக்கெட்டிலிருந்த காமிராவே நமக்குக் காட்டியது. பந்தயக் காரில் கண்ட முறையே விண்வெளியிலும் பயன்பட்டது.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் மாலை, சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திரையில் உயரமும் வேகமும் எண்களாகக் குறைந்துகொண்டே வந்தன. அருகே இறங்கு கலத்தின் உருவமும் தெரிந்தது. அவ்வுருவம் காமிரா எடுத்ததன்று. வந்துகொண்டிருந்த எண்களைக் கொண்டு கணிப்பொறி வரைந்த சித்திரம். இறங்கும்போது கலத்தின் காமிரா எடுத்த உண்மைக் காட்சி மறுநாளே வெளிவந்தது. முதல் நாள் கணக்கு. மறு நாள் காட்சி. இரண்டும் உண்மையே. ஆயினும் எது அளந்தது, எது கணித்தது, எது வரைந்தது என்று பிரித்தறிய வேண்டும். விரும்பிய காட்சியையெல்லாம் கணிப்பொறி உண்டாக்கித் தரும் இக்காலத்தில் மாணவர்களுக்கு இப்பயிற்சி மிகவும் வேண்டும்.

சோதிக்காமல் தீர்ப்பளித்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழர் வெளியே சென்று சான்று தேட வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனிடம் இருந்த சிலம்பைப் பாண்டியன் நேரில் காணவில்லை; அது தன் தேவியின் சிலம்பு என்ற பொற்கொல்லனின் சொல்லையே நம்பினான்.  உள்ளே இருக்கும் பரல் முத்தா மாணிக்கமா என்று சோதிக்காமலே ஆணையிட்டான். பண்டு பொருநை கடலிற் கலந்த கொற்கைத் துறையின் முத்துக்குப் பெயர் பெற்ற பாண்டிய நாட்டிலே அச்சோதனை எத்தனை எளிதாக முடிந்திருக்கும்! சோதனை நடந்தது, ஆனால் கோவலன் இறந்த பிறகு நடந்தது. உரிய காலத்தில் நிகழாத அளவீட்டினால் பயன் இல்லை.

மாணவர்களே, இக்கலையைப் பழகப் பந்தயக் காரும் ராக்கெட்டும் வேண்டியதில்லை. ஓடும் வண்டியில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு சாலையிற் செல்வது ஆபத்து. அது வேண்டவே வேண்டா. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்திலோ உங்கள் பள்ளி மைதானத்திலோ, தரையில் மீட்டருக்கு ஒன்றாகச் சுண்ணாம்புக் கோடுகள் இட்டு எண் எழுதுங்கள். ஒரு கைபேசியைக் கோடுகளுக்கு நேரெதிரே, சற்றுத் தொலைவில், அசையாமல் நிறுத்துங்கள். ஒரு நண்பர் ஓடட்டும். மற்றொருவர் கையைத் தட்டி ஓட்டத்தைத் தொடங்கி வைத்து, அதே கணத்தில் நிறுத்துகடிகாரத்தையும் இயக்கட்டும். பிறகு படத்தை ஒவ்வொன்றாக நகர்த்தி, எந்தக் கோட்டை எத்தனையாவது படத்தில் கடந்தார் என்று குறியுங்கள். வினாடிக்கு 30 படம் என்றால், ஒவ்வொரு மீட்டருக்கும் உரிய காலமும் வேகமும் தாமே கிடைக்கும். எல்லைக் கோட்டில் நிறுத்துகடிகாரம் காட்டிய நேரத்தோடு அதனை ஒப்பிடுங்கள். இரண்டும் முற்றிலும் ஒத்திருக்கமாட்டா. ஏன் ஒத்திருக்கவில்லை என்று ஆராய்வதே உண்மையான பாடம்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். முடிவைப் பார்க்கும் முன்பே உங்கள் ஊகத்தை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். தொடக்கத்தில் மிக வேகமாக ஓடினார் என்று நீங்கள் எண்ணிய நண்பர், மைதானத்தின் நடுவிலேதான் மிகுந்த வேகத்தை எட்டியிருக்கலாம். கண் சொன்னதையும் கணக்கு சொன்னதையும் ஒரே தாளில் அருகருகே எழுதுங்கள். இரண்டும் மாறுபடும் இடத்தில் எதையும் அழிக்காமல், மீண்டும் ஒருமுறை ஓடச் செய்து அளந்து பாருங்கள். மகேந்திரகிரியில் நடப்பதும் அதுவே.